தீமை எங்கிருந்து வந்தது?

கடவுள் நல்லவர், சர்வ வல்லமை உள்ளவர். அப்படியானால் உலகில் தீமை எவ்வாறு நுழைந்தது? ஆதி கிறிஸ்தவர்களை இந்தக் கேள்வி வெகுவாக அலைக்கழித்தது.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் சுலபமான வழி ஒன்று கண்டார். உலகைப் படைத்துத் தண்டனை விதிக்கும் தேவன் ஒருவர். இயேசு வெளிப்படுத்திய அன்பு மயமான தேவன் வேறொருவர் என்றார். 144-ஆம் வருஷத்தில் ரோமாபுரிச் சபை அவரை விலக்கிவிட்டது. அடுத்த நூற்றாண்டில் பாரசீக சாம்ராஜ்யத்தில் தோன்றிய மானி, ஒளி, இருள் என்னும் இரு ஆதி சக்திகளின் போராட்டமே உலகம் என்று உபதேசித்தார்.

மானியின் மதத்தைச் சுமார் 9 ஆண்டுகள் பின்பற்றியவர் அகஸ்தீன். இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் 354-ல் பிறந்தவர். பாவம் செய்தது தாமல்ல, தமக்குள் இருக்கும் வேறோர் இயல்பே என்று எண்ணுவது தமக்கு இதமாயிருந்ததென்று பிற்காலத்தில் அவரே எழுதினார். நமக்குந்தான் இதமாயிராதா?

அந்த இதத்தைக் குலைத்தது அவருடைய சொந்த அநுபவம். 16-ஆம் வயதில், ஓர் இரவு, தோழர்களோடு அயலாரின் பேரிக்காய் மரத்தை உலுக்கிக் காய்களைத் திருடினார். பசியில்லை; அவரிடம் அதைவிட நல்ல பழங்கள் இருந்தன. திருடியவற்றில் பெரும்பகுதி பன்றிகளுக்குத்தான் போயிற்று. தகாத காரியம் என்பதே அதிலிருந்த ருசி! இருளின் சக்தி எங்கே வந்தது இதில்?

தீமை என்பது தனிப்பொருளன்று. நன்மையின் குறைவே என்று அவர் முடிவு கட்டினார். புண் ஆறினால் அது வேறிடம் தேடிக் குடிபோவதில்லை. ஆரோக்கியம் திரும்புகிறது, அவ்வளவே. மனிதனின் சித்தம் உயர்ந்த நன்மையை விட்டுத் தாழ்ந்ததை நாடுவதே பாவம்.

ஆனால், குழந்தையை நோய்க்குப் பறிகொடுத்த தாயிடம் ‘நோய் வெறும் குறைவே’ என்றால் அவள் கண்ணீர் நிற்குமா? அகஸ்தீனும் இதை அறியாதவரல்லர். 415-ல் ஜெரோம் என்னும் பண்டிதருக்கு எழுதிய கடிதத்தில், குழந்தைகள் படும் துன்பத்துக்கு விடை காண முடியாமல் திகைப்பதாக ஒப்புக் கொண்டார்.

நமக்கு நேரும் தீமைக்கு அவரிடமும் முழு விடை இல்லை. நாம் செய்யும் தீமைக்கோ விடை இருக்கிறது. ‘கலி முற்றிவிட்டது’ என்று காலத்தின்மேல் பழி போடுமுன், பேரிக்காய் மரத்தை உலுக்கிய கை யாருடையது என்று பார்த்துக் கொள்வது நலம்.