பொம்மையின் எடை

ஆளுயரப் பொம்மையோடு குடித்தனம் நடத்துகிறவனைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் விமர்சகர்களிடம் இரண்டே பதில்கள் உண்டு. ஒன்று, வக்கிரம். மற்றது, முதலாளித்துவம் பெண்ணைச் சரக்காக்கிவிட்டது. இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இரண்டையுமே பொம்மையை ஏறிட்டுப் பார்க்காமல் சொல்லிவிட முடியும். பொம்மை பருமனானதாக இருந்துவிட்டாலோ பதில்கூட வருவதில்லை, சிரிப்புதான். இந்தச் சிரிப்பு பொம்மையை நோக்கியதல்ல. பருமனான பெண்ணை ஒருவன் விரும்பக்கூடும் என்பதை நோக்கியது. வக்கிரம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

ஸ்தூலமான விஷயங்களிலிருந்து ஆரம்பிக்கலாம். 1990களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் ஸிலிகோன் பொம்மைகள் விற்பனைக்கு வந்தன. பிறகு டிபிஇ என்கிற, விலை குறைந்த, இன்னும் மிருதுவான, ரப்பர் போன்ற பொருள் வந்தது. உள்ளே உலோக எலும்புக்கூடு. தலையைத் திருகிக் கழற்றலாம். சாதாரண அளவுப் பொம்மை 25லிருந்து 45 கிலோ வரை இருக்கும். வெகுகாலம் எல்லாம் ஒரே வார்ப்புதான்: சினிமாப் போஸ்டரின் இடை, சினிமாப் போஸ்டரின் மார்பு. வயிற்றில் மடிப்பும் தொடையில் கனமும் உள்ள உருவங்கள் அப்புறம்தான் வந்தன.

இதன் கவர்ச்சி புரியாத ஒன்றல்ல. கை வைத்தால் அமிழ்ந்து மீளும் சதை. படுக்கையில் இடத்தை அடைத்துக்கொண்டு ஒருவர் இருக்கிறார் என்ற பிரமை. போஸ்டரில் பார்த்த பெண்ணைவிட வாழ்க்கையில் பார்த்த பெண்ணுக்கு அருகில் வருகிற உருவம். இந்த ஆசையில் ஒரு யதார்த்தம் இருக்கிறது. ஒல்லிப் பொம்மையை வாங்குகிறவன் ஒரு பிம்பத்தை வாங்குகிறான். பருமனான பொம்மையை வாங்குகிறவன் உடலைக் கேட்கிறான்.

கேட்ட உடலுக்கு எடை உண்டு. முழுக்க டிபிஇயில் வார்த்தால் 50 கிலோவைத் தாண்டிவிடும். உயிருள்ள ஆளைத் தூக்கினால் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வார், காலை ஊன்றிக்கொள்வார். பொம்மை எதுவும் செய்யாது. கழுவிச் சுத்தம் செய்ய அதைக் கட்டிலிலிருந்து குளியலறைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே பக்கமாகக் கிடத்தி வைத்தால் இடுப்பு தட்டையாகிவிடும். கறுப்புத் துணி உடுத்தினால் சாயம் ஏறும். எண்ணெய் கசியும், பவுடர் போட வேண்டும். மடிப்புகளில் ஈரம் தங்காமல் ஒற்றியெடுக்க வேண்டும். அக்குளும் தொடை இடுக்கும் கிழிந்துபோகிற இடங்கள். படுத்த படுக்கையான நோயாளிக்கு வீட்டார் செய்கிற பணிவிடைகள்தான் இவை. யாருடைய பாரத்தையும் சுமக்க விரும்பாமல் பொம்மை வாங்கியவன் கடைசியில் செவிலியாகிவிடுகிறான்.

இதற்கு வியாபாரம் கண்டுபிடித்த தீர்வு: உள்ளே நுரைப் பஞ்சு. தொடுகிற இடத்தில் சதை, அதற்குக் கீழே காற்று. அதுவும் போதாதென்றால் தலையும் கைகால்களும் நீக்கிய வெறும் முண்டமாகவும் கிடைக்கும். உடல் வேண்டும், எடை வேண்டாம். பருத்த உடலுக்கு இது விடுதலை என்று கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அங்கீகாரம் கிடைத்திருப்பது உருவத்துக்குத்தான். கனம் இன்னமும் வாசலில்தான் நிற்கிறது.

இலக்கியத்துக்கு இது முன்பே தெரியும். இத்தாலியரான டொம்மாஸோ லாண்டோல்ஃபி 1954இல் வெளியிட்ட கதையில் கோகோலின் மனைவி ஒரு ரப்பர் பலூன். காற்றைக் கூட்டினால் பருமன், குறைத்தால் மெலிவு, எல்லாம் கணவன் இஷ்டம். இத்தனை வசதியிருந்தும் அவளுக்கென்று ஒரு சுபாவம் முளைப்பதை அவனால் தடுக்க முடிவதில்லை. கடைசியில் காற்றை அளவுக்கு மீறி ஏற்றி வெடிக்கவைக்கிறான். ஓவியர் கொக்கோஷ்கா, தன்னைப் பிரிந்த ஆல்மா மாலரின் உருவில் 1918இல் பொம்மை செய்யச் சொன்னார். கொழுப்பும் தசையும் எங்கே முடிகின்றன என்பதுகூடக் கைக்குத் தெரிய வேண்டும் என்று கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார். 1919இல் வந்து சேர்ந்ததோ ரோமம் அடர்ந்த ஒரு துணிமூட்டை. அதை மாதிரியாக வைத்துப் படங்கள் வரைந்தார். பிறகு ஒரு விருந்தில் அதன் தலையைத் துண்டித்தார். இரண்டு இடத்திலும் பொம்மை அழிவது அது பெண்ணாக இல்லாததால் மட்டுமல்ல. உடைமையாக அடங்கிக் கிடக்காததாலும்தான்.

ஆகவே பொம்மைக்கு ஆத்மா இல்லை என்ற புகார் எனக்கு முக்கியமில்லை. இன்னொருவர் என்பவர் முதலில் ஒரு எடை: நாம் கேட்காதபோதும் நம்மேல் சாய்கிறவர், கேட்காமலே பருக்கிறவர், இளைக்கிறவர், மூப்படைகிறவர். அதை ஏற்பதா தட்டிக்கழிப்பதா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வி பொம்மைக்காரனோடு முடிந்துவிடுவதில்லை. இடை உண்டோ இல்லையோ என்று ஐயுற்றே நூற்றாண்டுகளை ஓட்டிய மரபு நம்முடையது. அந்த மரபை உதறியதாகச் சொல்லிக்கொள்ளும் புதுக்கவிதையில் வருகிற பெண்ணை ஒரு தடவை தூக்கிப் பார்க்கலாம். ஏக்கமாக, நிழலாக, ஜன்னலோரத்து மௌனமாக இருக்கிறாள். ஒரு கையால் தூக்கிவிடலாம். தொடுகிற இடத்தில் படிமம், உள்ளே நுரைப் பஞ்சு.

பொம்மைக்காரனுக்கு முதுகாவது வலிக்கிறது. அவனைப் பார்த்துச் சிரிக்கிற கவிஞர்களுக்கு எங்கே வலிக்கிறது?