செவ்வாய் அதிகாலை மல்யுத்தம்

வால்பாறை எஸ்டேட் வீடுகளில் சோனி சேனலில் ‘ரெஸ்லிங்’ பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பலர். 2025 ஏப்ரலில் டபிள்யூ.டபிள்யூ.இ. நெட்ஃப்ளிக்ஸுக்குப் போய்விட்டது. இப்போது வாட்ஸ்அப்பில் வரும் ‘ஃப்ரீ லிங்க்’கைத் தொடுகிறார்கள். அதே போனில்தான் அப்பாவின் பேங்க் ஓடிபியும் வருகிறது!

நேர்வழி ஒன்றும் யானை விலையில்லை. நெட்ஃப்ளிக்ஸின் 149 ரூபாய் பிளான் மொபைல், டேப்லெட்டுக்கு மட்டும்தான், டி.வி-யில் தெரியாது. குடும்பத்தோடு பார்க்க 199 ரூபாய் பிளான் வேண்டும். பணம் கட்டுமுன் இதைக் கவனியுங்கள். ‘ரா’ நமக்குச் செவ்வாய் அதிகாலையில் வரும். மலையில் சிக்னல் சுற்றிக்கொண்டே நின்றால், சாயங்காலம் வேலை முடிந்து வந்தும் பார்க்கலாம். அதுவரை பக்கத்து வீட்டுப் பையன் முடிவைச் சொல்லாமலிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிஜ மல்யுத்தமும் குத்துச்சண்டையும் பிடித்தவர்களுக்குச் செலவு இன்னும் குறைவு. ஒலிம்பிக் போன்ற முக்கியப் போட்டிகளின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனுடன் பகிர வேண்டும் என்பது 2007-ம் ஆண்டுச் சட்டம். டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமே இல்லை. பாரிஸில் 2024 ஆகஸ்ட்டில் வெண்கலம் வென்ற அமன் ஷெராவத் போன்றவர்களின் களம் அது. அடுத்த ஒலிம்பிக் தொடங்குவது 2028 ஜூலை 14. வால்பாறையில் அது அடைமழைக் காலம். கனமழையில் டிஷ் சிக்னல் போய்விடும். போனில் கொஞ்சம் டேட்டா மிச்சம் இருக்கட்டும்.