சுயகற்றல்: மாணவர் உரிமையா, அரசின் கைகழுவலா?

மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே தாமாகவே படித்துக்கொள்வார்கள் என்ற அனுமானத்தின் மீதே இன்றைய உயர்கல்விக் கொள்கை கட்டப்படுகிறது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஒன்றிய அரசின் ‘ஸ்வயம்’ இணையதளத்தின் வழியே படித்து மதிப்பெண் பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி வகுத்தது. 2016இல் இந்த வரம்பு 20 சதவீதமாக இருந்தது. ஐந்தே ஆண்டுகளில் அது இரட்டிப்பானது.

இதன் பொருளைத் திருப்பதி, சித்தூர் பகுதிகளில் வைத்துப் பார்க்க வேண்டும். திருப்பதியில் 1954இல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 1983இல் பெண்களுக்கென ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும், 2015இல் ஐஐடியும் தொடங்கப்பட்டன. சித்தூர் மாவட்டக் குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. நகரி, புத்தூர் விசைத்தறித் தொழிலாளர்கள், மா விவசாயிகள், கறவை மாடு வளர்ப்போர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி எட்டியது இத்தகைய பொது நிறுவனங்களால்தான்.

அந்த வீடுகளில் சுயமாகப் படிக்க என்ன வசதி இருக்கிறது? 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி இருந்தவை 4.4 சதவீதம் மட்டுமே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆந்திராவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் 21 சதவீதம்; ஆண்களோ ஏறத்தாழ 49 சதவீதம். அதன்பின் கைப்பேசிகள் பெருகியுள்ளன என்பது உண்மை. ஆனால், குடும்பத்துக்கே பொதுவான ஒரு கைப்பேசியின் சிறு திரையில் புள்ளியியல் பாடம் கேட்பதும், தனி அறையில் மடிக்கணினியில் கேட்பதும் ஒன்றல்ல. மொழித் தடை வேறு இருக்கிறது. எல்லையோரச் சித்தூரில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கில் படித்த மாணவி, பட்ட வகுப்பில் ஆங்கிலக் காணொளியைத் தனியே எதிர்கொள்கிறாள். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்க அங்கே ஆசிரியர் இல்லை.

இந்த இடைவெளியைச் சந்தையால் நிரப்பும் முயற்சியையும் ஆந்திரா பார்த்துவிட்டது. ஹார்வர்டும் எம்ஐடியும் 2012இல் லாப நோக்கமின்றித் தொடங்கிய ‘எட்எக்ஸ்’ தளம், 2021இல் ‘டூயூ’ என்ற நிறுவனத்திற்கு 80 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் அன்றைய மாநில அரசு அத்தளத்தின் பாடங்களைக் கல்லூரி மாணவர்களுக்கென அறிமுகப்படுத்தியது. ஐந்து மாதங்கள் கழித்து, ஜூலையில், டூயூ அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியது. மாநில அரசு 8ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் தந்த கைக்கணினிகளில் பாடம் வழங்கிய ‘பைஜூஸ்’ நிறுவனத்தின் மீதும் அதே மாதத்தில் திவால் நடவடிக்கை தொடங்கியது. எட்எக்ஸ் மூடப்படவில்லை. எனினும், கடன்காரர்களின் முடிவை நம்பிப் பிள்ளைகளின் படிப்பை வைக்கலாமா என்ற கேள்வி எழுகிறது.

தொழில்நுட்பத்தை எதிர்ப்பது இடதுசாரிகளின் நிலைப்பாடு அல்ல. 2003இல் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் பொதுப்பணத்தில் தொடங்கிய ‘என்பிடெல்’ விரிவுரைகள், சிறு நகரக் கல்லூரி மாணவருக்கும் தேர்ந்த பேராசிரியர்களின் பாடத்தைக் கொண்டு சேர்த்தன. விடுதியில் மாலை நேரக் கைப்பேசித் தடையை ஏற்க மறுத்து வெளியேற்றப்பட்ட ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. 2023 ஜூனில் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு ‘கே-ஃபோன்’ திட்டத்தைத் தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைய இணைப்பு வழங்க முனைந்தது. உரிமை என்று ஏற்றுக்கொண்டால், அதற்கான செலவையும் அரசே ஏற்க வேண்டும்.

ஆந்திராவிலும் ‘ஃபைபர்நெட்’ என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. அதன் இணைப்பு ஒவ்வொரு அரசுக் கல்லூரிக்கும், சமூகநல விடுதிக்கும், கிராம நூலகத்துக்கும் இலவசமாகச் சென்று சேர வேண்டும். அங்கே இரவு வரை திறந்திருக்கும் கணினி அறைகள் வேண்டும். தெலுங்கிலும், தமிழ், உருது போன்ற சிறுபான்மை மொழிகளிலும் பாடங்கள் உருவாக வேண்டும். அனைத்துக்கும் மேலாக, காலியாக உள்ள ஆசிரியர் பணியிடங்கள் நிரந்தர நியமனத்தால் நிரப்பப்பட வேண்டும்.

நல்ல ஆசிரியரிடம் கேள்வி கேட்கக் கற்றவரே தனியாகவும் படிக்க முடியும். காணொளியைக் காட்டி ஆசிரியரைக் குறைக்கும் அரசு, சுயகற்றலின் வேரையே வெட்டுகிறது. வசதி படைத்தோர் அந்த இழப்பைத் தனிப்பயிற்சிக்குப் பணம் கொடுத்து ஈடுகட்டிக்கொள்வார்கள். நகரியின் தறித் தொழிலாளியின் மகளுக்கு அந்த வழி இல்லை. அவளுக்குரிய பங்கைப் பொதுக்கல்வியிடமிருந்து பெற்றுத்தருவது மாணவர், ஆசிரியர், தொழிலாளர் இயக்கங்களின் கூட்டுப் பொறுப்பாகும்.