பாலம் யாருக்காகக் கிறுகுது?

போன மாதம் எங்கட குழுவில ஒருவர் கல்லடிப் பழைய பாலத்தின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டார். அரை மணித்தியாலத்துக்குள்ள அம்பதுக்கு மேல பதில். "அது ஒரு காலம்", "திரும்பி வருமா", ரெண்டு கவிதை, எண்ணிலடங்காத இதயங்கள். அதே நாள் காலையில, விநாயகபுரத்திலிருந்து படிக்க வாற ஒரு தங்கச்சி, தங்கட கடற்கரையில மண் எடுக்கிற கதை திரும்பவும் அடிபடுது, ஆராவது எழுதுவமா எண்டு கேட்டிருந்தா. அதுக்கு விழுந்தது ரெண்டு பெருவிரல்.

அந்த அம்பதிலும் நாங்கள் இருந்தோம். அந்த ரெண்டிலும் நாங்கள் இல்லை. இந்தக் கட்டுரை முதல்ல எங்களுக்கு எதிரானது, மறுகாத்தான் மற்றவர்களுக்கு.

பழைய பாலத்தை நினைக்கிறது பிழை எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. 1924ல் திறந்து, அப்போதைய ஆளுநர் மனிங்கின் மனைவி பேரில் 'லேடி மனிங் பாலம்' எண்டு பெயர் வைத்தார்கள். நம்மட சனத்துக்கு அது கல்லடிப் பாலம்தான். கல்முனையில, அக்கரைப்பற்றில, திருக்கோவிலில இருந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் போன எல்லாரையும் அந்த இரும்புதான் சுமந்தது. பூரணை இரவில பாலத்தடியில தோணியை நிப்பாட்டி, துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மற்ற முனையில காதை வச்சு மீன் பாடுறதைக் கேட்ட கதையை எங்களில் பாதிப்பேர் வீட்டில கேட்டிருக்கிறோம். 1950களில் அமெரிக்க யேசுசபைக் குருவானவர் லாங் அடிகளார் அந்தச் சத்தத்தை ஒலிப்பதிவு செய்தார், இலங்கை வானொலியில் அது ஒலிபரப்பானது. 2013ல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்த பிறகு பழையது வேலை ஓய்ந்து, நடக்கிறவர்களுக்கும் படம் எடுக்கிறவர்களுக்குமாக நிக்குது.

ஆனால் அந்தப் பாலத்தைப் பற்றி எங்கட மூத்தம்மாமார் சொல்ற கதையில் மீன் கொஞ்சம்தான். கூடுதலாக இருக்கிறது காத்திருப்பு. ஒற்றை வழிப் பாலம். அந்தப் பக்கத்து வாகனம் முழுக்கக் கடந்தால்தான் இந்தப் பக்கம் நகரும். யுத்த காலத்தில் அதுக்கு மேல சோதனைச் சாவடி. பஸ்ஸால இறங்கி, அடையாள அட்டையைக் கையில பிடித்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில வைத்துக்கொண்டு வெயிலில வரிசை. "பாலம் தாண்டினாத்தான் மூச்சு வரும் மகள்" எண்டு எங்களில் ஒருத்தியின் மூத்தம்மா சொல்லுவா. இந்தக் கதை அந்த அம்பது பதிலில் ஒன்றிலும் இல்லை. நாங்கள் நினைவு எண்டு பகிர்ந்தது அழகை மட்டும். ஆர் காத்திருந்தது, ஆருக்காகக் காத்திருந்தது எண்ட பகுதியை வெட்டிவிட்டோம்.

இந்த வெட்டு எங்கே கொண்டுபோய் விடும் எண்டு பார்க்கக் கொஞ்சம் தூரம் போக வேணும். இங்கிலாந்தின் வடகிழக்கில், நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவில் இருந்த நியூகாசில் நகரத்தில் ஒரு பழைய பாலம் இருக்குது. 1876ல் பாவனைக்கு வந்தது. நடு ஆற்றில் ஒரு அச்சில் இருந்து, கப்பல் வரும்போது முழுப் பாலமும் பக்கவாட்டில் திரும்பும்படி கட்டினது. புத்தகத் தமிழில் சுழல் பாலம் எண்டு சொல்லலாம். எங்கட ஊர்ப் பேச்சில் சொன்னால் கிறுகுபாலம். அது கிறுகினபோது தெருவில் வந்தவர் எல்லாரும் ரெண்டு கரையிலும் நிக்க வேண்டியிருந்தது.

ஏன் அப்படி ஒரு பாலம்? முன்னம் அந்த இடத்தில் தாழ்வான கல்லுப் பாலம் இருந்தது. பெரிய கப்பல் மேலாற்றுக்குப் போக ஏலாது. மேலாற்றில் ஆம்ஸ்ட்ரோங் எண்டவரின் பீரங்கித் தொழிற்சாலை இருந்தது. பாலத்தின் பொறியைச் செய்ததும் அவர் கம்பனிதான். அதைத் தாண்டிப் போன முதல் கப்பல் இத்தாலியக் கடற்படையின் 'யூரோப்பா'. போனது 100 தொன் பீரங்கி ஒன்றை ஏற்றி வர. நிலக்கரிக் கப்பல்களுக்கும் அதே வழி திறந்தது. 1924ல், கல்லடிப் பாலம் திறந்த அதே வருசம், அந்தப் பாலம் ஏறத்தாழ 6,000 தடவை கிறுகியிருக்கு. நாளைக்குப் பதினாறு தடவை சனம் கரையில் நிண்டிருக்கு.

இண்டைக்கு அந்தச் சுரங்கங்கள் இல்லை. சுரங்கத்தை மூட வேண்டாம் எண்டு 1984-85ல் ஒரு வருசம் வேலைநிறுத்தம் செய்து, பட்டினி கிடந்து, தோற்றார்கள். அந்தப் பகுதியின் கடைசி ஆழச் சுரங்கமான எலிங்டன் 2005ல் மூடப்பட்டது. அந்த ஊர்களில் இப்ப மிஞ்சியிருப்பது நினைவு. தகப்பன் கறுத்த முகத்தோட வீடு வந்தது, பாலம் கிறுகினதால பள்ளிக்குப் பிந்திப் போனது, கரையில நிண்டு கப்பல் பெயர்களை எண்ணினது. இதை ஒருவரும் சிரிக்க ஏலாது. அந்த மக்கள் தங்கட வேலையை நேசித்தவர்கள். ஆனால் ஒண்டைக் கவனியுங்க. சுரங்கம் முடிந்த பிறகுதான் பாலம் அழகாக மாறுது. கப்பல் வாறபோது கரையில் நிண்டவனுக்கு அது பிந்தின சம்பளம். கப்பல் நிண்டபிறகு அவன் பேரனுக்கு அது படம்.

அவர்களுக்கு நினைவு கடைசியில் வந்தது. எங்களுக்கு அது முதலிலேயே வேணும், ஏனெண்டால் சுரங்கம் எங்களுக்குப் பின்னால் இல்லை, முன்னால் நிக்குது.

விநாயகபுரம், திருக்கோவில், தம்பிலுவில் கரையில் இருக்கிறது வெறும் மணல் இல்லை. கறுப்பாகக் கோடு கோடாகக் கிடக்கும் மணலுக்குள் இல்மனைட் இருக்கு. அதோட ரூட்டைல், சிர்க்கோன், கார்னெட். இல்மனைட்டில் இருந்து எடுக்கும் டைட்டேனியம் டயொக்சைட்தான் வெள்ளைப் பெயின்டின் வெள்ளை. திருகோணமலை மாவட்டத்தில் புல்மோட்டையில் 1957ல் தொடங்கின அரச நிறுவனம் இதைத்தான் எடுத்து ஏற்றுமதி செய்யுது. அங்கேயும் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர், அங்கேயும் கரை. அறுபது வருசத்துக்கு மேல கப்பலில் போன மணல், புல்மோட்டையைப் பெயின்டில் பணக்கார ஊராக்கிவிட்டதா எண்டு அங்க ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்க.

திருக்கோவில் பக்கத்தில் இந்தக் கதை வந்த நேரமெல்லாம் சனம் வீதிக்கு இறங்கித் தடுத்திருக்கு. தாய்மார், மீனவர், கோயில் ஆக்கள், இளைஞர் எல்லாரும். கதை அமர்ந்தமாதிரி இருக்கும், பேந்து கிளம்பும். கிளம்பும்போது ஒவ்வொரு முறையும் கேட்கப்படும் கேள்வி ஒண்டுதான்: "அந்தக் கரையில அப்பிடி என்னதான் இருக்கு? வெறும் மணல்தானே?"

இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கு. எழுதி வைக்கப்பட்ட பதில்தான் இல்லை. அங்கதான் எங்கட கோபம்.

அந்தக் கரையில் கரைவலை இழுக்கும் பாடுகள் இருக்கு. எந்தப் பாடு ஆரின் முறை, எந்த மாதம் எந்த மீன், எந்த இடத்தில் மடி கல்லில் சிக்கும் எண்டு வாடியில் இருக்கிற கிழவருக்குத் தெரியும். கரை குழிந்தால் கரைவலை இல்லை, அது சமதரையில் இழுக்கிற வலை. திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் அந்தக் கடலில். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போறவர்கள் நடக்கிற வழி அந்தக் கரை. சுனாமி வந்த 2004ல் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிரைக் கொடுத்தது எங்கட அம்பாறை மாவட்டம். எந்த மணல்மேடு அண்டைக்கு ஆரைக் காப்பாற்றினது, எந்த மேடு ஏற்கனவே வெட்டப்பட்டிருந்தது எண்டு உயிர் தப்பினவர்களுக்குத் தெரியும். எந்தக் கிணறு கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் நல்ல தண்ணி எண்டு பெண்களுக்குத் தெரியும். இது எல்லாம் நினைவு. இது எல்லாம் சாட்சியும்.

சட்டம் எப்படி இருக்கு எண்டும் பாருங்க. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கச் சட்டப்படி கனியத்துக்கு உரிமை அரசுக்கு. உங்கட காணி உறுதியில் மேல் மண்தான் உங்கட, கீழே கிடக்கிறது உங்கட இல்லை. ஆனால் பெரிய திட்டம் எண்டால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேணும். பிரதேச செயலகத்தில் ஒரு மேசையில் அது கிடக்கும். கருத்துச் சொல்ல ஒரு மாதமளவுதான் காலம். அந்த ஒரு மாதத்தில் ஓடித் திரிந்து கிழவரைத் தேடி, கதை கேட்டு, வருசம் சரிபார்த்து எழுத ஏலுமா? ஏலாது. அறிக்கை எழுதினவரிடம் வரைபடமும் அட்டவணையும் இருக்கும். எங்களிடம் கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் போட்ட இதயம் இருக்கும்.

"வேலை வருமே" எண்டு கேட்கிறவர்களை நாங்கள் துரோகி எண்டு சொல்லமாட்டோம். கலைப்பீடத்தில் படித்துவிட்டு நாலு வருசம் நியமனத்துக்குக் காத்திருக்கப்போகிறவர்கள் நாங்கள், வேலையின் பெறுமதி எங்களுக்கும் தெரியும். நியூகாசில் பக்கத்துச் சனமும் வேலைக்காகத்தான் ஒரு வருசம் பட்டினி கிடந்தது. ஆனால் எத்தனை பேருக்கு, எத்தனை வருசத்துக்கு, எந்தச் சம்பளத்துக்கு, மணல் முடிஞ்ச பிறகு என்ன எண்ட நாலுக்கும் எழுத்தில் பதில் கேட்கிறது எங்கட உரிமை. வாய்ப் பேச்சில் வாற வேலை எப்படி முடியும் எண்டதுக்கு வெளிநாடு போகத் தேவையில்லை. ஒலுவிலுக்குப் போனால் போதும்.

ஒலுவில் துறைமுகம் டென்மார்க் கடனில் கட்டப்பட்டு 2013ல் திறக்கப்பட்டது. ஊர் வாழும் எண்டார்கள். நடந்தது என்ன? வாயில் மணல் மூடினது, வடக்கால கரை அரிஞ்சது. தென்னந்தோப்பு வேரோட கடலுக்குள்ள விழுந்தது. அரிப்பு நிந்தவூர்ப் பக்கமும் ஏறிப் போனது. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகருது. குறுக்கே ஒரு சுவர் வைத்தால் வடக்கில் இருக்கிறவனுக்கு மணல் வராது. அதே கணக்கில், விநாயகபுரத்தில் மணலை அள்ளினால் அது தமிழ் ஊரின் தலையிடி மட்டும் எண்டு அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் இருக்கிற எங்கட வாப்பாமார் நிம்மதியாக இருக்க ஏலாது. பிரதேச செயலகத்துக்கு எல்லை போடுறதுக்கு நாங்கள் ரெண்டு பகுதியும் எவ்வளவு சண்டை பிடிச்சிருக்கம். கடல் அந்த எல்லையைப் பார்க்கிறதில்லை.

ஆகவே எங்கட வாதம் இவ்வளவுதான். பழைய பாலத்தை நினைக்கிறவர் நினைக்கட்டும், ஆனால் முழுசாக நினைக்கட்டும். மீனோட சோதனைச் சாவடியையும் சேர்த்து. கப்பலோட கரையில் நிண்டவனையும் சேர்த்து. பாதி நினைவு ஆபத்தானது. கரையில் நிண்டவனை மறந்த நினைவு, அடுத்த முறையும் எங்களைக் கரையில் நிற்கச் சொல்லும், கப்பல் போகட்டும் எண்டு.

வாற ரெண்டு சனிக்கிழமையும் நாங்கள் விநாயகபுரத்தில் இருப்போம். அந்தத் தங்கச்சி வீட்டு முற்றத்தில் காலை ஒன்பது மணிக்கு. கொப்பியும் பேனையும், ஆரிடமாவது ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவி இருந்தால் அதுவும். கேட்கிற ஆளின் விருப்பத்தோட மட்டும் பதிவு. பெயர் வேண்டாம் எண்டால் பெயர் இல்லை. பாடு, கிணறு, மேடு, பாதை, சுனாமி நாள் எண்டு அஞ்சு தலைப்பு. ஒவ்வொண்டுக்கும் இடம், வருசம், சொன்னவரின் வயது. தமிழூர்க்காரரும் வாங்க, முஸ்லிமூர்க்காரரும் வாங்க. ஏலுமெண்டால் உங்கட மூத்தம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க, அவவுக்குத்தான் கூடுதலாகத் தெரியும்.

படத்துக்கு இதயம் போட்ட அம்பது பேரில் இருபது பேர் வந்தாலே போதும். அந்தத் தங்கச்சிக்கு நாங்கள் இன்னும் பதில் அனுப்பேல்ல. சனிக்கிழமை நேரில் சொல்லுவோம்.