எட்டுக் கலை

அறிவியலும் ஒரு கதையாடல்தான் என்னும் வாசகம் நம் இலக்கியக் கூட்டங்களில் ஏறத்தாழ மந்திரம் போல ஒலித்து வருகிறது. சான்றாகக் காட்டப்படுவது பெரும்பாலும் சூரிய மண்டலம். முதலில் பூமி நடுவில் இருந்தது, பிறகு சூரியன் நடுவுக்கு வந்தது, 2006இல் பிராக் நகரில் கூடி வாக்களித்துப் புளூட்டோவை நீக்கினார்கள். ஆகவே எல்லாம் அந்தந்தக் காலத்தின் கற்பிதம் என்கிறார்கள். தாமஸ் கூனும் துணைக்கு அழைக்கப்படுவார். (கோப்பர்னிக்கஸைப் பற்றி அவர் 1957இல் எழுதிய நூலை எத்தனை பேர் வாசித்தார்கள் என்று கேட்பது நாகரிகமன்று.)

இதை நாம் மறுக்கிறோம். ஆனால் மறுக்கும் வேகத்தில், தாலமி மூடர், கோப்பர்னிக்கஸ் ஞானி என்னும் பாடநூல் பொய்யின் பக்கம் சாய்ந்துவிடவும் விரும்பவில்லை. 1543இல் வெளிவந்த கோப்பர்னிக்கஸின் நூலிலும் வட்டங்களின்மேல் சிறுவட்டங்கள் சுழன்றன. கோள்களின் இடத்தைக் கணிப்பதில் அது தாலமியைப் பெரிதாக விஞ்சவுமில்லை. பூமி சூரியனைச் சுற்றுமானால் விண்மீன்களின் தோற்ற இடம் ஓராண்டுக்குள் சற்றேனும் பெயர வேண்டுமே என்று டைக்கோ பிராகே கேட்டது நியாயமான கேள்வி. அப்பெயர்ச்சியைப் பெஸ்ஸல் அளந்து காட்டியது 1838இல்தான்.

எனில் மாற்றியது எது? ரசனையா, அதிகாரமா? செவ்வாய்க் கோள்தான். டைக்கோ தொலைநோக்கியின்றி எடுத்து வைத்த அளவீடுகளோடு, கெப்ளர் அதே பிராக் நகரில் இருந்து கணித்த வட்டப்பாதை எட்டுக் கலை பிசகியது. ஒரு பாகைக்கு 60 கலை. எட்டுக் கலை என்பது முழுநிலவின் விட்டத்தில் சுமார் கால் பங்கு. தாலமியின் காலத்து அளவீடுகளில் இப்பிசகு தெரிந்தே இராது. ஈராயிரம் ஆண்டுகளாகப் புனிதமாயிருந்த வட்டம் இதனால் உடைந்து, 1609இல் நீள்வட்டம் வந்தது. கெப்ளரிடமும் ஒரு கதை இருந்தது என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். ஐந்து சீர்த்திண்மங்களைக் கோள்களின் கோளங்களுக்கிடையே அடுக்கி 1596இல் அவர் கட்டிய மாளிகை அது. அதன்மேல் அவருக்கிருந்த பற்று கடைசிவரை அகலவில்லை. ஆயினும் எட்டுக் கலையை அவர் மறைக்கவில்லை.

புளூட்டோ விஷயத்தில் வாக்கெடுப்பு நடந்தது 'கோள்' என்ற சொல்லின் வரையறைக்கு. சுமார் 248 ஆண்டுகளில் சூரியனைச் சுற்றும் அதன் பாதைக்கு யாரும் வாக்களிக்கவில்லை.

வல்கனின் கதை இன்னும் சுவையானது. நியூட்டனின் விதிகளைக்கொண்டு நெப்டியூனின் இடத்தைக் கணித்துச் சொல்லி, 1846இல் அது கண்டறியப்பட வழிசெய்தவர் லெவெரியே. அதே விதிகளுக்குப் புதன் இணங்காதது கண்டு, 1859இல் சூரியனுக்கு அருகே காணாப் பொருள் ஏதோ இருப்பதாக ஊகித்தார். அதற்குப் பெயர் இடப்பட்டது. பார்த்ததாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். சொன்னவரோ அன்றைய பிரான்சின் பெரும்புள்ளி. கோள்தான் இல்லை. நூற்றாண்டுக்குச் சுமார் 43 விகலையான அப்பிசகை 1915இல் ஐன்ஸ்டீனின் கோட்பாடு, புதிய கோள் ஏதுமின்றி விளக்கிற்று. பெயரும் சாட்சியும் செல்வாக்கும் வாய்த்த வல்கன் ஏன் நிலைக்கவில்லை என்பதற்குக் கதையாடல் நண்பர்கள் முதலில் விடை சொல்லட்டும். அதன்பின் கூனைப் பற்றிப் பேசலாம்.