சாமிக்குச் சொன்னதை டாக்டருக்கும் சொல்லுங்கள்



சர்க்கரைக்காக டாக்டரிடம் போகும்போது என்னவெல்லாம் சொல்கிறோம்? காலையில் எத்தனை இட்லி, காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை, வாக்கிங் போகிறோமா இல்லையா, எல்லாம் சொல்கிறோம். 'செவ்வாயும் வெள்ளியும் ஒருபொழுதுதான், கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம்' என்று சொல்பவர்கள் எத்தனை பேர்?

டாக்டரும் கேட்பதில்லை. சாமி விஷயத்தைக் கேட்டால் மனம் புண்படுமோ என்று அவருக்குத் தயக்கம். சொன்னால் 'இதெல்லாம் வேண்டாம்' என்று தடுத்துவிடுவாரோ என்று நமக்குப் பயம். இந்தத் தயக்கத்துக்கும் பயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது நம் வீட்டு அம்மாக்களின் உடம்பு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்றது அது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். அதே வீடுகளில்தான் சஷ்டியும் ஏகாதசியும் ரமலானும் தவக்காலமும் வருகின்றன.

பட்டினி கிடந்தால் அப்படி என்ன ஆகிவிடும்? சர்க்கரைக்குப் போடும் மாத்திரைகளில் கிளிமிப்பிரைடு போன்ற ஒரு வகை உண்டு. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்க்காது. கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துவிடும். வெறும் வயிற்றில் அந்த இன்சுலின் சுரந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். 'விரதத்தில் இப்படித்தான் இருக்கும்' என்று அம்மா போய்ப் படுத்துக்கொள்வார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மாத்திரையை நாமே நிறுத்திவிடுவதும் தீர்வல்ல. விரதம் முடிந்து சாயங்காலம் இலையில் விழுவது என்ன? ஜவ்வரிசிப் பாயசம், வடை, உருளைக்கிழங்கு, வாழைப்பழம். பகலில் இறங்காத சர்க்கரை ராத்திரி எங்கோ போய் நிற்கும்.

ரமலான் நோன்பைப் பற்றி இந்தக் கேள்வியை மருத்துவ உலகம் நேராகவே எடுத்துக்கொண்டது. 2001-ல் 13 நாடுகளில், சர்க்கரை நோயுள்ள 12,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பெரியவர்களுக்கு வழக்கமாக வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேர் குறைந்தது 15 நாளாவது நோன்பு வைத்திருந்தார்கள். மற்ற மாதங்களோடு ஒப்பிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியது அவர்களுக்கு ஏழரை மடங்கு அதிகம்.

இதைப் பார்த்து, நோன்பே வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிடவில்லை. சொன்னாலும் மக்கள் கேட்கப் போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் யாருக்கு ஆபத்து குறைவு, யார் நோன்பு வைக்கவே கூடாது, எந்த மாத்திரையை விடியலுக்கு முந்தைய ஸஹர் உணவுக்கு, எதை நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு என்று வழிமுறை எழுதினார்கள். ரமலானுக்கு ஆறு வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள், சர்க்கரை 70-க்குக் கீழே போனால் அந்த நிமிடமே நோன்பை முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். விரலில் குத்தி ரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். நம் சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் இப்படி ஒரு வழிமுறையை நம் டாக்டர்கள் ஏன் எழுதித் தரக்கூடாது?

விலக்கு கொடுப்பதில் எந்த மதமும் கஞ்சத்தனம் காட்டவில்லை. நோயாளிகளுக்கும் பயணம் போகிறவர்களுக்கும் இஸ்லாம் சலுகை தந்திருக்கிறது. தீராத நோயுள்ளவர் ஒவ்வொரு நோன்புக்கும் பதிலாக ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம். கத்தோலிக்கத் திருச்சபையில் உண்ணாநோன்புக் கடமை 18 வயதில் தொடங்கி 60-க்குள் முடிந்துவிடுகிறது. இந்துப் பெரியவர்களும் முடியாதவர்களுக்குப் பாலும் பழமும் அனுமதித்துத்தான் இருக்கிறார்கள். சலுகை கொடுக்காதது வீடுதான். 'உங்க மாமியார் இந்த வயசிலும் தண்ணிகூடக் குடிக்காம இருந்தாங்களே' என்று ஒரு வார்த்தை போதும், மருமகள் மாத்திரையை மறைத்துவிடுவாள்.

விரதங்கள் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். கணவனுக்காக ஒன்று, பிள்ளைக்காக ஒன்று, மகள் கல்யாணத்துக்காக ஒன்று. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடுகிறவர்தான் இன்னும் குறைத்துக்கொள்கிறார்.

இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பாதி உண்மையாகிவிடும். மதம் உடம்புக்குச் செய்யும் நன்மை கொஞ்சநஞ்சமல்ல. சபரிமலைக்கு மாலை போடும் கார்த்திகை முதல் தேதி நம் தெருக்களில் நடப்பதைப் பாருங்கள். டாக்டர் சொல்லி விடாத குடி, மனைவி அழுது விடாத சிகரெட், ஒரு துளசி மாலை கழுத்தில் ஏறியதும் நின்றுவிடுகிறது. 41 நாள். வீட்டில் அடி இல்லை, சத்தம் இல்லை, சம்பளம் முழுசாக வீட்டுக்கு வருகிறது. அந்த 41 நாளுக்காக வருஷம் முழுக்கக் காத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை!

மனிதன் அதே மனிதன்தான். சுற்றி இருப்பவர்கள் மாறிவிடுகிறார்கள். மனைவி 'சாமி' என்கிறாள், பெற்ற பிள்ளை 'சாமி' என்கிறது, டீக்கடைக்காரர் மரியாதையாகத் தனி டம்ளர் எடுக்கிறார், கூடக் குடித்த நண்பன் 'நீ மாலை போட்டிருக்கே' என்று தானாகவே விலகிப் போகிறான். காலையும் மாலையும் குருசாமி வீட்டில் பஜனை, அதனால் சாயங்காலம் வெறுமையாகக் கிடப்பதில்லை. இவ்வளவு பேர் சேர்ந்து ஒருவரைத் தாங்கினால் குடி நிற்கத்தானே செய்யும்? மாலையைக் கழற்றிய மறுநாள் இது அத்தனையும் ஒரே நாளில் காணாமல் போகிறது. பழைய பெயர் வந்துவிடுகிறது, பழைய நண்பனும் வந்துவிடுகிறான். குருசாமிகளே, மலை இறங்கிய பிறகும் வாரம் ஒரு பஜனைக்கு அவர்களைக் கூப்பிட்டால் என்ன?

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், தூக்கமின்மை, இரண்டு மூன்று நாளில் வலிப்பு, மனக்குழப்பம் எல்லாம் வரலாம். 'சாமி குத்தம்' என்று பரிகாரம் தேடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மாலை போடும் முன்பே டாக்டரைப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. பம்பையிலிருந்து ஏறும் வழியில் நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் கேரள அரசு இதய சிகிச்சை மையங்கள் வைத்திருக்கிறது. அந்த ஏற்றம் நெஞ்சுக்கு எவ்வளவு பாரம் என்று அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை இருமுடியோடு எடுத்துப் போங்கள்.

மனநோய் விஷயத்தில் நம் மண் நன்மை, தீமை இரண்டையும் பார்த்துவிட்டது. தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளை பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கவனித்து, 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காலையில் சின்ன பூஜை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, கூடவே வீட்டு மனிதர் ஒருவர். சராசரியாக ஆறு வாரத்தில் நோயின் கடுமை கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. அன்பாக, மரியாதையாக நடத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

அதற்கு முந்தைய வருஷம்தான், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடி தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்களில் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்ல, வேறு வழி தெரியாத குடும்பங்கள். இன்று அதே ஏர்வாடியில், பிரார்த்தனைக்கு வருகிறவர்களை மனநல மருத்துவரும் பார்க்கிறார், மாத்திரையும் கொடுக்கப்படுகிறது. துஆ என்னும் அந்தப் பிரார்த்தனையை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

மதப் பெரியவர்கள் வாய் திறந்தால் எவ்வளவு நடக்கும் என்பதற்கு போலியோவே போதும். சொட்டு மருந்தால் பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்ற வதந்தி உத்தரப்பிரதேசத்தில் பரவியிருந்த காலம். 2002-ல் நாட்டில் 1,600 போலியோ நோயாளிகள், பெரும்பகுதி அந்த மாநிலத்தில். சுகாதாரப் பணியாளர்களுக்கு மூடிய கதவுகளை இமாம்களும் மதரஸா ஆசிரியர்களும் சொல்லித்தான் திறக்க வைத்தார்கள். மசூதி ஒலிபெருக்கியிலேயே முகாம் நாளை அறிவித்தார்கள். 2011 ஜனவரி 13-ல் ஹவுரா பக்கம் ஒரு குழந்தைக்கு வந்ததே இந்தியாவில் இயற்கையாகப் பரவிய கடைசிப் போலியோ.

அதனால் நம் குருக்கள்மாருக்கும் இமாம்களுக்கும் பங்குத்தந்தைகளுக்கும் ஒரு விண்ணப்பம். சஷ்டி தொடங்கும் முன், ரமலான் பிறை பார்க்கும் முன், சாம்பல் புதன் அன்று, 'சர்க்கரை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுவிட்டு விரதம் இருங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்' என்று ஒரே ஒரு முறை மைக்கில் சொல்லுங்கள். நாங்கள் பத்து இதழ் எழுதினாலும் வராத பலன் உங்கள் ஒரு வார்த்தைக்கு வரும்.

வாசகர்களே, நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். இன்று ராத்திரி காலண்டரை எடுத்து, வீட்டில் யார் யார் எந்தெந்த நாளில் விரதம், எத்தனை மணி நேரம், தண்ணீர் உண்டா இல்லையா என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது மாத்திரை அட்டையோடு அந்தத் தாளையும் டாக்டர் மேஜையில் வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்