கொங்கு பிரிந்தால் யாருக்கு லாபம்?

"வரி கட்டுவது நாம், அனுபவிப்பது சென்னை. கொங்கு தனியாகப் பிரியட்டும்" என்ற வாதம் 2021 ஜூலையில் கிளம்பியது, இப்போதும் அவ்வப்போது தலைதூக்குகிறது.

கணக்குப் பார்ப்போம். கோவைக்குக் குடிநீர் தரும் சிறுவாணி அணை கேரளத்தில் இருக்கிறது. அந்த நீருக்காகக் கேரளத்திடம் 39 மக்களவை எம்.பி.க்கள் உள்ள மாநிலமாகப் பேசுவதும் பத்துப் பேரோடு பேசுவதும் ஒன்றா? திருப்பூர் பனியன் கப்பலேறும் தூத்துக்குடியும் வெளிமாநிலமாகிவிடும். ஜிஎஸ்டி விகிதத்தைப் பரிந்துரைப்பது ஜிஎஸ்டி கவுன்சில், தனி மாநிலம் அல்ல. எல்லைக்கோடு போட்டால் நூல் விலை இறங்காது.

பிரிந்தால் ஜனநாயகம் வளருமா? மாநிலத்தைப் பிரிக்க அரசமைப்பின் 3-ஆம் பிரிவின்படி சட்டமன்றத்திடம் கருத்துதான் கேட்பார்கள், சம்மதம் அல்ல. பிரிந்த பகுதிக்குச் சட்டமன்றம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை: 2019-இல் யூனியன் பிரதேசமான லடாக்கிற்குச் சட்டமன்றமே இல்லை.

2016 முதல் 2022 வரை கோவை மாநகராட்சிக்குத் தேர்தலும் இல்லை, மேயரும் இல்லை. உரிமை பேசுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கியிருக்கலாமே!